கழுத்தை நிமிர்த்தியவன்

அவிநாசிபாளையத்தைத் தாண்டித் தாராபுரம் ரோட்டில் போனால் ஒரு பனியன் கம்பெனி வாசலில் மார்பளவு வெண்கலச் சிலை ஒன்று இருக்கும். காரை நிறுத்தி இறங்கிப் பார்க்க வேண்டியதில்லை. கழுத்து குச்சி வைத்துக் கட்டியது போல விறைப்பாகவும், கன்னம் உப்பியும், உதட்டில் ஸ்டூடியோ போட்டோச் சிரிப்பும் இருந்தால் அது அவன் செய்ததுதான். நெருப்பெரிச்சல் பக்கம் போனால் இன்னும் சில இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் செத்துப்போன முதலாளிகள் எல்லோரும் இப்போது அண்ணன் தம்பி ஜாடைக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் உயிரோடு இருந்தபோது ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்ததில்லை என்பது வேறு விஷயம்.

அவன் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். "ஆமாங்கக்கா, நீங்க எழுதுனது சரிதானுங்க" என்று இதற்கும் தலையாட்டுவான்.

எங்கள் ஊரில் ஆமாங்க சொல்லாதவர்கள் யார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் எங்களுக்கு அது வாசலைத் திறந்து விடுகிற மாதிரி ஒரு மரியாதை. வந்தவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவர் சொல்வதற்கெல்லாம் ஆமாங்க போட்டுவிட்டு, கடைசியில் "ஆனா முடியாதுங்களே" என்று சொல்லி அனுப்புவோம். என் அப்பா அதில் கைதேர்ந்தவர். சரக்கு வாங்க வெளிநாட்டிலிருந்து வரும் பையரோ, பக்கத்துத் தோட்டத்துக்காரரோ, யார் வந்தாலும் முழுசாகக் கேட்பார். கேட்டு முடித்துவிட்டு, "முடியாதுங்க" என்பார். அதற்கப்புறம் அந்த முடியாதுங்கவை அசைக்க யாராலும் ஆனதில்லை. இவனுக்கு அந்தப் பின்பாதி வரவேயில்லை. முன்பாதியோடு நின்றுவிட்டான்.

எங்கள் கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக இருந்தவரின் மகன் அவன். சொந்த ஊர் கணியூர். சென்னையில் சிற்பக்கலை படித்துக்கொண்டிருந்தான். கோடை விடுமுறைக்கு வந்தவன் கேன்டீனில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். டெய்லர்கள் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டால் சாப்பிடுவான். செக்கிங் பெண்கள் வந்து, "சாப்புடலையா?" என்றால் அதற்கும் ஆமாங்க சொல்லி மறுபடி உட்காருவான். கட்டிங்கில் வேலை பார்த்த பீகார்ப் பையன்கள் தங்கள் ரொட்டியை நீட்டினால் அதையும் வாங்கி வைத்துக்கொண்டு விழிப்பான். வயிறு கெட்டு இரண்டு நாள் படுத்தான் என்று அவன் அப்பா சொன்னார். ஒரு தட்டுச் சோற்றை வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவனை நம்பி என் அப்பாவின் முகத்தை ஒப்படைத்தோம். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கினோம் என்பது இங்கே வெறும் பேச்சுக்குச் சொல்வதல்ல. அது மண்ணேதான்.

அப்பா இறந்து வருஷம் திரும்புவதற்குள் சித்தப்பாவுக்கு இந்தச் சிலை யோசனை வந்துவிட்டது. புது யூனிட் வாசலில் வைக்க வேண்டும் என்றார். வெளியூர்ச் சிற்பிகளை விசாரித்தவர் திடீரென்று, "நம்ம அயர்ன் மாஸ்டர் பையனே இருக்கறானே" என்றார். சொன்ன பேச்சைக் கேட்பான் என்பதுதான் அவனுக்கிருந்த முதல் தகுதி. அந்தத் தகுதியில் சித்தப்பா துளிகூட ஏமாறவில்லை.

அவனை நேராக மண்ணில் இறக்கவும் இல்லை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சீசனுக்கு முன் முதலாளிகள் வெளிநாடு போய்க் கடை கடையாக ஏறி இறங்கி, நல்ல டிசைனாக நாலு உருப்படி வாங்கி வந்து, "இதே மாதிரி போடு" என்பார்கள். சித்தப்பா அதையே சிலைக்கும் செய்தார். "ஊர் ஊராப் போய் நல்ல சிலையெல்லாம் பாத்துட்டு வா. அதுல எது எடுப்பா இருக்குதோ அதே மாதிரி அண்ணனப் போட்டுரலாம்" என்று சொல்லி, கம்பெனிக் காரையும் டிரைவரையும் கொடுத்தார். எனக்குச் சென்னையில் பையிங் ஆபீஸ் வேலை இருந்தது. பையர்களோடு ஆர்டர் பேசி முடிக்கிற மெர்ச்சண்டைசிங் வேலையை நான்தான் பார்க்கிறேன். அதனால் நானும் ஏறிக்கொண்டேன். ஒரு கலை மாணவனின் கோடைப் பயணம் இப்படிச் சாம்பிள் வாங்கப் போகிற பயணமாகத் தொடங்கியது.

காரில் டிரைவர், "ஏசி கூட்டட்டுங்களா?" என்றார். ஆமாங்க என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, "குளுருதா?" என்றேன். அதற்கும் ஆமாங்கக்கா.

சுவாமிமலையில் ஒரு வார்ப்புப் பட்டறைக்குப் போனோம். அங்கிருந்த பெரியவர், "கல்லு செத்தது தம்பி. உலோகத்துக்குத்தான் உசிரு" என்றார். இவன் கையைக் கட்டிக்கொண்டு ஆமாங்க என்றான். மறுநாள் மாமல்லபுரத்தில் உளிச் சத்தத்துக்கு நடுவே ஒரு சிற்பி, "வெண்கலமெல்லாம் பாத்திரக்காரன் வேலைப்பா. கல்லுதான் சிலை" என்றார். அதே கைக்கட்டு, அதே ஆமாங்க. முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. நான் சிரிப்பை அடக்கக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சென்னையில் ஒரு கலைக்கூடம். வெள்ளைச் சுவர், பளபளக்கும் தரை, உள்ளே நுழைந்தால் செருப்புச் சத்தத்துக்கே கூச்சமாக இருக்கும். நடுவில் வளைந்த இரும்புக் கம்பிகள் மூன்றை நட்டு வைத்திருந்தார்கள். அங்கிருந்த அம்மாள் அது பிரிவின் துயரம் என்று விளக்கினார். ஆமாங்க என்றான். அவர் நகர்ந்ததும் பக்கத்தில் நின்ற ஒருவர் எங்களிடம் குனிந்து, "கட்டடம் கட்ட வந்த கம்பிய மறந்து விட்டுட்டுப் போயிட்டான் போல" என்றார். அதற்கும் ஆமாங்க. வெளியே வந்ததும் கேட்டேன்.

"உனக்கு என்னடா தோணுச்சு?"

நான் ஏதோ அவனிடம் இல்லாத சரக்கைக் கேட்டுவிட்டது போலப் பார்த்தான். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "உங்களுக்கு என்னங்கக்கா தோணுச்சு?" என்றான்.

தெருவில் பெருமாள் மாட்டைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், பூம்பூம் மாடு. அதுகூடக் கொட்டுச் சத்தம் கேட்டால்தான் தலையாட்டும். இவனுக்குக் கொட்டும் தேவையில்லை என்று அன்றைக்கு மனதில் முடிவு கட்டினேன். அந்த முடிவோடு ஊர் திரும்பியிருந்தால் எனக்கு இத்தனை வயிற்றெரிச்சல் இருந்திருக்காது. ஆனால் அதே சாயங்காலம் ஓர் அருங்காட்சியகத்துக்கும் போனோம்.

செப்புத் திருமேனிகள் வரிசையாக நிற்கும் அறை. நான் பார்த்து முடித்து வந்தபோது அவன் ஒரு தூணோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பின்னாலிருந்து பார்த்ததால் அவன் விரல்கள் எனக்குத் தெரிந்தன. சுவாமிமலையில் கேட்டு வாங்கி வந்த மெழுகு ஓர் உருண்டை அந்த விரல்களுக்குள் உருண்டுகொண்டிருந்தது. எதிரே அறைக் காவலர் ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். நெல்லிக்காய் அளவு மெழுகில் அவர் தலை இருந்தது. தொங்கிய கீழ்உதடு, ஒருபக்கம் ஏறிய புருவம், வீட்டுக்குப் போகிற நேரத்துக்குக் காத்திருக்கும் அந்த அலுப்பு எல்லாம் இருந்தன. கையைப் பார்க்காமலேயே செய்திருந்தான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பொய் சொல்ல மாட்டேன்.

காவலர் நிமிர்ந்து, "என்ன தம்பி அது கையில?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிக்கொண்டே கட்டை விரலால் அந்த முகத்தை அழுத்தித் தேய்த்துவிட்டான்.

அவன் யாரிடமும் இல்லை என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரே முறைதான். அதையும் தான் செய்ததைப் பற்றியே சொன்னான்.

அப்பாவுக்கு இடது காது கேட்காது. இளவயதில் இரவும் பகலும் பழைய நிட்டிங் மெஷின்களுக்கு நடுவே நின்றதில் போய்விட்டது என்பார். யார் பேசினாலும் வலது காதைக் கொடுத்துத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பார். அப்படிச் சாய்க்கும்போது கண் தரையைப் பார்க்கும், உதடு லேசாக உள்ளே மடியும். எங்களுக்கு அப்பா என்றால் அந்தச் சாய்வுதான். அம்மா கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு வலப்பக்கம்தான் நடந்தாள், வலப்பக்கம்தான் உட்கார்ந்தாள். போட்டோ எடுப்பவர்கள் எல்லோரும், "ஐயா, தலைய நேரா வைங்க" என்று சொல்லிச் சொல்லி, அவருடைய நல்ல போட்டோ என்று வீட்டில் ஒன்றுகூட இல்லை. ஆதார் கார்டில் இருப்பவர் யாரோ ஒருவர். சிலை என்றதும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "அவரு கேக்கற மாதிரி இருக்கோணும்."

பயணம் முடிந்து வந்ததும் நெருப்பெரிச்சல் யூனிட்டின் பழைய குடோனை அவனுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். களிமண் காயாமலிருக்க நனைத்த பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றி வைத்திருப்பான். முதல் தடவை காட்டக் கூப்பிட்டபோது அம்மாவையும் அழைத்துப் போனேன். அவன் ஈரத் துணியை ஒவ்வொன்றாக எடுத்தான்.

அப்பா இருந்தார்.

வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தலை அதே சாய்வில் இருந்தது. கண் கீழே, உதடு உள்ளே. கொஞ்சம் கூடுதலாகவே குனிந்து, உயரம் குறைந்த யாரோ சொல்வதைக் கேட்பது போல இருந்தார். பார்த்து வந்த சிலைகள் எதனுடைய சாயலும் அதில் இல்லை. அம்மா அந்தப் பலகையைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனாள். காதருகே போய், தினமும் கேட்பதைப் போல, "ஏனுங்க, சோறு போடட்டுங்களா?" என்றாள். அப்புறம்தான் அவளுக்கு எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா போன நாளிலிருந்து அழாதவள் அன்றைக்கு அழுதாள். நானும் அழுதேன்.

கிளம்பும்போது அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "இந்தச் சாய்வு உனக்கு எப்படிடா தெரியும்? எந்தப் போட்டோவுலயும் இல்லையே."

"சின்னதுல அப்பாவுக்குச் சோறு கொண்டாருவனுங்க. எங்கிட்டயும் அப்படித்தானுங்கக்கா குனிஞ்சு கேப்பாரு" என்றான். அவன் வாயிலிருந்து நான் கேட்ட வார்த்தைகளிலேயே சொந்த வார்த்தை அதுதான்.

"இதுல இனிமே கை வெக்காத. யார் சொன்னாலும் வெக்காத."

"ஆமாங்கக்கா. வெக்க மாட்டேனுங்க."

நம்பினேன். என் அம்மா அழுத கண்ணோடு சிரித்துக்கொண்டு காரில் ஏறியதை அவனும்தான் பார்த்தான். அதற்கு மேல் ஒருவனுக்கு என்ன உத்தரவு வேண்டும்?

அடுத்து நடந்தது எங்கள் ஊரில் மட்டும்தான் நடக்கும். ஆர்டர் எடுத்தால் முதலில் சாம்பிள் தைத்து பையருக்கு அனுப்புவோம். அவர்கள் அதை ஓர் ஆளுக்கு மாட்டிப் பார்த்து, தோளை அரை இஞ்ச் குறை, கழுத்தை ஏற்று என்று கமெண்ட்ஸ் எழுதி அனுப்புவார்கள். திருத்தி அனுப்பினால் மறுபடி கமெண்ட்ஸ் வரும். எல்லாம் ஒத்துப்போன பிறகு அப்ரூவ்ட் என்று ஓர் அட்டையைக் கட்டி முத்திரை வைப்பார்கள். அதற்கப்புறம் யாரும் கை வைக்கக் கூடாது. இருபது வருஷமாக நான் இந்தச் சோற்றைத்தான் சாப்பிடுகிறேன், அதனால் குறை சொல்லவில்லை. பனியனுக்கு அது சரி. பனியனுக்கு முகம் கிடையாது.

சித்தப்பா களிமண்ணைப் போட்டோ எடுத்து, 'அண்ணன் சிலை' என்று வாட்ஸப்பில் ஒரு குரூப் தொடங்கி, சொந்தபந்தம் எல்லோரையும் சேர்த்து, "கமெண்ட்ஸ் சொல்லுங்க" என்று போட்டுவிட்டார்.

முதல் கமெண்ட் அவருடையதே. "கழுத்து ஏன் கோணலா இருக்குது? பையர் வர்ற எடம். யார்கிட்டயோ கெஞ்சற மாதிரி இருக்குது. நிமித்துங்க." அத்தை, அப்பாவின் தங்கை, "எங்கண்ணன் என்ன இத்தன ஒணந்து போயா இருந்தாரு? கன்னத்துல சதை போடு கண்ணு" என்று வாய்ஸ் மெசேஜில் பேசி அனுப்பினாள். அப்பாவை ஒரே ஒரு தடவை பார்த்திருந்த பையிங் ஆபீஸ்காரர், லேசாகச் சிரிக்கலாமே என்றார். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே பதில் வந்து விழுந்தது. "ஆமாங்க. மாத்திரலாமுங்க." பக்கத்தில் கும்பிடுகிற கை வேறு.

நான் பதறிக்கொண்டு குடோனுக்குப் போவதற்குள் கழுத்து நிமிர்ந்திருந்தது.

"உங்கிட்ட என்ன சொன்னேன்?"

"கை வெக்க வேண்டாம்னீங்கக்கா."

"நீ என்ன சொன்ன?"

"ஆமாங்கன்னேனுங்க."

"அப்புறம் என்னடா இது?"

"சின்ன மொதலாளி நிமித்தச் சொன்னாருங்க. அவருகிட்டயும் ஆமாங்கன்னுட்டேனுங்க." அவன் ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை. நான் சொன்னதும் அவர் சொன்னதும் ஒன்றோடொன்று மோதும் என்பதே அவனுக்கு ஒரு பொருட்டாக இல்லை.

"இந்தக் கழுத்து அவரு கழுத்துன்னு உனக்குத் தோணுதா?"

களிமண்ணைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "உங்களுக்கு எப்படீங்கக்கா தோணுது?" என்றான். அறையலாம் போல இருந்தது.

சித்தப்பாவிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் சண்டைக்கே வரவில்லை. "ஏங்கண்ணு, செஞ்சவனே மாத்தலாங்கறான். உனக்கென்ன?" என்றார். அங்கேதான் நான் தோற்றேன். சித்தப்பா கெட்டவர் இல்லை. அப்பாவின் முடியாதுங்கவுக்கு ஆயுசு முழுக்கப் பழகியவர். செய்தவன் ஒரே ஒரு தடவை, "இல்லீங்க, அவரு இப்படித்தானுங்க இருப்பாரு" என்று சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டு போயிருப்பார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல இந்த உலகத்தில் தகுதி உள்ளவன் அவன் ஒருவன்தான். அவன் சொல்லவில்லை.

வேலைக்காரர் மகன் முதலாளி வீட்டில் வேறென்ன சொல்வான் என்று என் கணவர் கேட்டார். நானும் அதை யோசிக்காமல் இல்லை. அவன் அப்பா அப்போதும் எங்கள் கம்பெனியில்தான் அயர்ன் பெட்டி பிடித்துக்கொண்டிருந்தார். அது மட்டுமே காரணம் என்றால் அவனை எப்போதோ மன்னித்திருப்பேன், எங்களைத் திட்டிக்கொண்டிருப்பேன். ஆனால் அவன் கம்பிச் சிலை அம்மாளிடம் அதையே சொன்னான். அந்தக் கிண்டல்காரரிடமும் சொன்னான். இனி வாழ்க்கையில் பார்க்கவே போகாத ஸ்டூல்காரருக்காக ஒரு முகத்தைத் தேய்த்து அழித்தான். அந்தக் கட்டை விரலுக்கு எந்த முதலாளி உத்தரவு போட்டான்?

மூன்றாவது சுற்றுக் கமெண்ட்ஸில் கன்னம் உப்பியது, உதடு வெளியே வந்து சிரித்தது. எங்கள் கம்பெனித் தயாரிப்பு என்று தெரிய வேண்டும் என்பதற்காகக் காலர் வைத்த டீ-சர்ட் மாட்டினார்கள். அப்பா ஆயுசில் காலர் பனியன் போட்டதில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்கள். குரங்குக்காவது சொந்தமாக ஒரு முகம் உண்டு. கடைசியில் சித்தப்பா சிரித்துக்கொண்டே ஓர் அப்ரூவ்ட் அட்டையை எடுத்து ஈரக் களிமண் கழுத்தில் கட்டினார். அவன் பக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரித்தான். அந்த நூல் பதிந்த கோடு அச்சிலும் ஏறி, வெண்கலத்திலும் ஏறிவிட்டது. இன்றைக்கும் பிடரியில் விரலை வைத்தால் தட்டுப்படும்.

திறப்பு நாளில் ஜமாப் மேளம் வைத்திருந்தார்கள். சித்தப்பா துணியை இழுத்ததும் கை தட்டினார்கள். வேலைக்கு வந்து ஒரு மாதமே ஆன வடநாட்டுப் பிள்ளைகள், முன்னால் நின்றவர்களைப் பார்த்துத் தாங்களும் கும்பிட்டார்கள். அம்மாவின் கையில் மாலையைக் கொடுத்தார்கள். அவள் வலப்பக்கம் போகவில்லை. நேர் எதிரே நின்று போட்டாள். ரோட்டில் போகும்போது ஏதோ தலைவர் சிலையைக் கும்பிடுவதைப் போல ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினாள்.

அவன் புதுச் சட்டையில் ஓரமாகக் கையைக் கட்டி நின்றிருந்தான். அம்மா அவனைப் பார்த்ததும் நின்றாள். அவளாகவே அவன் அருகில் போனாள்.

"நல்லா இருக்குது கண்ணு" என்றாள். எங்கள் ஊர்க்காரி. முதலில் அதைத்தான் சொல்லுவாள். பிறகு குரலைத் தணித்து, "அன்னிக்கு குடோன்ல இருந்தாரே சாமி, அவர எங்க வெச்சிருக்கறீங்க?" என்றாள்.

மேளச் சத்தத்தில் அவனுக்குக் காதில் விழவில்லை. "என்னங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே குனிந்தான். அம்மா அவனைவிடக் குள்ளம். அவன் வலது காதைக் கொடுத்துத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான். கண் தரையைப் பார்த்தது. உதடு உள்ளே மடிந்தது. நாளெல்லாம் மண்ணில் பிடித்துப் பிடித்து அது அவன் உடம்பிலேயே ஏறியிருந்தது. அம்மாவுக்கும் அது தெரிந்தது. அவள் கை தானாக எழுந்து அவன் தோளருகே போய் நின்றது. வலப்பக்கம் இன்னும் ஓரடி நகர்ந்து, கேட்டதையே இன்னொரு தடவை கேட்டாள்.

அவன் நிமிர்ந்தான். வார்த்து, தேய்த்து, மெருகேற்றி, சிமென்ட் வைத்து நட்டுவிட்ட அந்த வெண்கலத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான்.

"ஆமாங்கம்மா" என்றான். "மாத்திரலாமுங்க."